வழித்துணையும் வழிச்செலவும்

பலர் ஒருங்கு கூடி வழிச்செல்லுதல் நம்மவருக்குப் புதியதொன்றன்று. நாரந்தனை, கரம்பன், சரவணை, வேலணை முதலிய ஊர்களிலுள்ளோர் ஆனி மாதத்திலே நயினாதீவு நாகபூஷணியம்மையாருடைய உற்சவத்துக்குப் போம்பொழுது, குறிகட்டுவானிலே தனித்து இறங்குவாரைக் காண்டல் அரிது. கதிர்காம யாத்திரையும் அவ்வாறே கூட்டமாகவே செய்யப்படுகின்றது. நம் முன்னோர் ஊர்காவற்றுறையிலிருந்து தோணியேறிச் சிதம்பர தரிசனத்துக்குச் சென்றதும் துணையோடேயாம். 1914ஆம் ஆண்டு தொடங்கிய தலைமன்னார் - தனுஷ்கோடிக் கப்பல்வழி, 1964ஆம் ஆண்டுப் புயலிலே தனுஷ்கோடி அழிந்தபின் அவ்விடத்துக்கு இல்லாதொழிந்தது. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியபோது, நம்மூரவர் முதலிலே கேட்ட வினா, “யார் யார் கூடிப் போவது?” என்பதே. இரண்டாவது வினா, “தலைக்கு எவ்வளவு ஆகும்?” என்பது.

அவ்விரண்டாவது வினாவைக் குறித்தே ஈண்டுச் சில கூறப் புகுந்தோம். இது சில்லறை விஷயம், இதிலே தருமவிசாரணைக்கு இடம் யாது எனச் சிலர் நினைக்கலாம். நன்று. இருபது ஆண்டு ஒரே பாடசாலையிலே ஒருவர்க்கொருவர் உற்றவராய் இருந்த ஆசிரியர்கள், ஒரு கிழமை யாத்திரை போய் மீண்டபின் முகங்கொடாது இருத்தலை நாம் எத்தனையோ முறை காண்கின்றோம். காரணம் வினவினால் ஒருவரும் சொல்லார். சொல்லவும் கூசுவர். ஏனெனில், காரணம் ஆயிரமோ இரண்டாயிரமோ ஆகிய பணமாயிருக்கும். அத்துணைச் சிறு தொகைக்காக மனம் நொந்தோம் என்று வெளியிடுதல் நோவினும் பெரிய நாணமாயிருக்கும். சொல்லக்கூடாத மனக்குறையே நட்பைக் கொல்லும். ஆகவே, கூடிச் செல்வார் தம் பொருளைக் கூட்டி வைத்துச் செலவு செய்யுமிடத்து ஒருவர்க்கொருவர் செய்யக்கடவ நீதி யாது என்று ஆராய்தல் தகுவதேயாம்.

நீதி இன்னதென்று துணிதற்குமுன், இதுபற்றி உலகிலே வழங்கும் கொள்கைகள் இரண்டையும் ஆராய்வோம். “நட்பினிடத்துக் கணக்குப் பார்த்தல் ஆகாது” என்பது ஒன்று. “எல்லோரும் சமமாகக் கொடுத்தால் நீதி முடிந்தது” என்பது மற்றொன்று. இவ்விரண்டும் கேட்பதற்கு இனியனவே. ஆயினும், இரண்டும் முழுவதும் பொருந்துவனவல்ல.

முதற்கொள்கையை எடுத்துக்கொள்வோம். கணக்கு எழுதுதல் ஐயத்தின் அடையாளம். அன்புள்ளவிடத்து எனது, உனது என்னும் பிரிவு இல்லை என்பர். அற்றேல், கணவன் மனைவியரினும் நெருங்கிய வழித்துணைவர் உளரோ? அவ்விருவர் திறத்திலும் யாழ்ப்பாணத்து முன்னோர் பொருளைப் பிரித்தறிந்தே வைத்தனர். ஒல்லாந்தர் காலத்திலே, 1707ஆம் ஆண்டு கிளாஸ் ஈசாக் என்னும் அதிகாரியால் எழுத்திலே தொகுக்கப்பட்டு, 1806ஆம் ஆண்டு ஆங்கிலேயராலும் உறுதிசெய்யப்பட்ட தேசவழமையை நோக்குக. கணவனுக்கு அவன் முன்னோர் வழியாக வந்தது முதுசொம். மனைவி கொண்டுவந்தது சீதனம். இருவரும் இல்லறத்திலிருந்து ஈட்டியது தேடிய தேட்டம். அவனது, அவளது, இருவரதும் என மூன்று கூறு. இப்பிரிவைச் செய்தவர் இல்லறத்தை நம்பாதவரல்லர். இது இன்னாருடையது என்று தெளிந்திருந்தால், பின்னர் அதுபற்றிய பேச்சே எழாமல் அன்புக்கு இடம் விடும் என்பதை அறிந்தவர். வாழ்நாள் முழுவதும் கூடி நடப்பார்க்கே இத்தெளிவு வேண்டுமாயின், ஒரு திங்கள் கூடி நடப்பார்க்கு வேண்டாவோ?

இதனினும் மேலான சான்று நம் சமயவரலாற்றிலே உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் தம்பிரான் தோழர் என்னும் பெயர் பெற்றவர். நட்பின் உரிமையிலே அவரோடு ஒப்பாரில்லை. அவர் திருமுதுகுன்றத்திலே இறைவன்பாற் பன்னீராயிரம் பொன் பெற்று, திருவருளின்படி அதனை மணிமுத்தாற்றிலே இட்டு, திருவாரூர்க் கமலாலயத்திலே எடுத்தார் எனப் பெரியபுராணம் கூறும். ஆற்றிலே இடுமுன் அவர் செய்த ஒரு செயலை நம்முட் பலர் விரைந்து படித்துப் போய்விடுகின்றோம். அவர் அப்பொன்னிலிருந்து சிறிது மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார். திருவாரூரிலே எடுத்த பொன்னை அம்மச்சத்தோடு உரைத்துப் பார்ப்பிக்க, மாற்றுக் குறைந்திருந்தது. அவர் பாட, மாற்று ஒத்தது. கொடுத்தவர் சிவபெருமான், பெற்றவர் அவருடைய தோழர். அங்கும் மச்சம் வைக்கப்பட்டது, மாற்று உரைக்கப்பட்டது. இறைவன் இதனைக் குற்றமாகக் கொண்டாரல்லர்; தோழமை குறைந்ததுமில்லை. ஆதலின், கணக்குப் பார்த்தல் நட்புக்கு இழுக்கு என்பார் இவ்வரலாற்றுக்கு என்ன விடை சொல்வர்?

ஆயினும் ஒன்று சொல்லக் கேட்கின்றோம். “கணக்கு வேண்டியதுதான், கேட்பதற்குத்தான் வாய் வருவதில்லை.” இஃது உண்மை. நம்மவருள்ளே பொதுப்பணத்தைக் கையிலே வைத்திருப்பவர் பெரும்பாலும் வயதிலே மூத்தவராகவோ தலைமையாசிரியராகவோ இருப்பர். இளையவர் அவரை நோக்கி, “ஐயா, மிகுதி எவ்வளவு?” என்று எவ்வாறு கேட்பார்? கேட்டால் அவமதிப்பு, கேளாதிருந்தால் மனக்குறை. இவ்விரண்டினுக்குமிடையே அவரை நிறுத்தியவர் யாவர்? பணத்தை வைத்திருந்து வாய் திறவாதவரே. ஆகவே, கணக்குச் சொல்லுங் கடமை முழுவதும் பொதுப்பையைத் தாங்குபவரைச் சார்ந்தது. அதுவும், கேட்டபின் சொல்லுதல் பாதிக் கடமை. கேட்குமுன் சொல்லுதலே முழுக்கடமை.

யாம் இளமையிலே மிஷன் பாடசாலையிலே கற்றவராதலின், கிறிஸ்து சமயத்தார் வேதத்திலே இப்பொருளுக்கு ஏற்ற இரண்டு செய்திகளைப் படித்திருக்கின்றோம். நல்லது எங்கிருப்பினும் எடுத்துக்கொள்ளுதல் நம் சமயத்துக்கு ஒவ்வாததன்று. ஊர் ஊராகத் திரிந்த இயேசுவின் மாணாக்கர் பன்னிருவருக்கும் பொதுவான பணப்பை ஒன்று இருந்தது. அதனைத் தாங்கியவன் யூதாசு. அதிலே இட்டதை அவன் கவர்ந்து வந்தான் என்று யோவான் சுவிசேஷம் கூறும். அவனிடம் ஒருவரும் கணக்குக் கேட்டதாக அங்கே சொல்லப்படவில்லை. மற்றொன்று பவுலைப் பற்றியது. எருசலேமிலுள்ள வறியோர்க்காகப் பல சபைகளிலே திரட்டிய பொருளைக் கொண்டுபோம்பொழுது, ஒருவரும் தம்மேற் குறை சொல்லாதபடி, சபையாரால் நியமிக்கப்பட்டவரையும் கூட்டிக்கொண்டு செல்ல அவர் ஒழுங்கு செய்தார். கடவுள்முன் நேராயிருந்தாற் போதாது, மனிதர்முன்னும் நேராயிருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. நேர்மையுள்ளவன் சாட்சியைத் தானே தேடுவான் என்பதற்கு இஃதொரு சான்று. கணக்கில்லாத பை, பணம் இட்டவர்களுக்கு மாத்திரமன்று, தாங்குபவனுக்கும் தீங்கு. அவன் மனத்தை நாடோறும் சோதிப்பது அதுவேயன்றோ?

இனி இரண்டாவது கொள்கையை நோக்குவோம். சமமாகக் கொடுத்தலே நீதி என்பது எண்கணிதத்துக்கு எளிது. ஆசிரியர்களாகிய நமக்கு ஒரு கணக்கையே உதாரணமாக வைப்போம். ஆசிரியர் ஐவர் தலைக்கு 20,000 ரூபா இட்டு, ஓரிலட்சம் ரூபாவோடு கதிர்காமத்துக்கு வாகனம் அமர்த்திச் செல்கின்றனர். வாகனத்துக்கு 60,000, தங்குமிடத்துக்கு 10,000, உணவுக்கு 18,500. ஆகச் செலவு 88,500, மிகுதி 11,500. ஐந்தாற் பிரித்தால் தலைக்கு 2,300 மீளும். கணக்குச் சரி. ஆனால் அவருள் ஒருவர் விரதம் பூண்டு, தமக்கு வேண்டிய பாலும் பழமும் தம் கைப்பொருளாலே தேடிக்கொண்டவர். கடைகளிலே ஒரு பிடியும் உண்டிலர். வாகனமும் அறையும் ஐவருக்கும் பொது. அதிலே அவர் பங்கு 14,000. உணவு நால்வருக்கே உரியது. அவர் பங்கு தலைக்கு 4,625. ஆகவே நால்வருக்கு 1,375 வீதமும் விரதிக்கு 6,000மும் மீளுதலே நியாயம். வேறுபாட்டை விரதி தாமே எடுத்துச் சொல்வாரோ? ஒருகாலும் சொல்லார். பை தாங்குபவரே முந்திச் சொல்லுதல் வேண்டும். அவர், “அது கிடக்கட்டும், ஐயா” என்று மறுப்பாராயின், அஃது அவருடைய கொடை. சொல்லாமலே வைத்துக்கொண்டால், அவர் மனமாரக் கொடாத ஒன்றை நாம் எடுத்துக்கொண்டவராவோம்.

எவை பொது, எவை தனி என்று புறப்படுமுன்னே வரையறுத்தல் இதனாலேயே வேண்டப்படுகின்றது. வாகனம், படகுக் கூலி, தங்குமிடம், கூடியுண்ணும் உணவு ஆகியன பொது. அர்ச்சனை, தட்சிணை, வறியோர்க்கிடும் காசு ஆகியன தனி. பிறர் இட்ட பொருளையெடுத்துச் செய்யும் தருமத்தை நமது தருமம் என்று சொல்லுதல் எங்ஙனம்? பிள்ளைகளுக்கு வாங்கும் விளையாட்டுப் பொருளும் வீட்டுக்கு வாங்கும் பாத்திரமும் தனி. கடல் கடந்து போவார்க்கு இன்னுமொன்று உண்டு. நம் நாட்டு ரூபாவை இந்திய ரூபாவாக மாற்றும்பொழுது நேரும் நட்டம் யாருடையது? பொதுப்பணத்தை மாற்றினால் நட்டமும் பொது. ஒருவர் எல்லோருக்குமாக மாற்றிக் கொடுத்து, அந்நட்டத்தைத் தாமே விழுங்கிக்கொண்டு சும்மா இருப்பாராயின், அதனையும் மற்றவர் அறிந்து ஏற்றல் வேண்டும்.

காசு மாற்றுதலிலே நட்டம் என்றவுடன், நம் ஆசிரியர்களுக்குத் திருவீழிமிழலை நினைவுக்கு வந்திருக்கும். திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் திருநாவுக்கரசு நாயனாரும் கூடித் தலயாத்திரை செய்த காலத்திலே, அவ்வூரில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. அடியார்களுக்கு அமுதூட்டும்பொருட்டு இறைவன் இருவருக்கும் நாடோறும் ஒவ்வொரு காசு படியாக அருளினார். வழித்துணைவராகிய அவ்விருவரும் ஒரே பையிலே அவற்றை இட்டாரில்லை. கிழக்கிலும் மேற்கிலும் வேறு வேறு பீடத்திலே பெற்று, வேறு வேறு மடத்திலே அமுது செய்வித்தனர். பை இரண்டாயினும் அன்பு ஒன்றேயாயிருந்தது. தனித்தனிச் செலவு செய்துகொண்டு கூடிச் செல்வாரை அன்பிலாதவர் என்று இகழ்தல் தவறென்பதற்கு இதுவே போதிய சான்று.

அங்கே நிகழ்ந்தது மேலும் நோக்கத்தக்கது. நாவுக்கரசருடைய மடத்திலே அமுது காலத்தில் முடிந்தது. சம்பந்தருடைய மடத்திலே காலந்தாழ்ந்தது. சம்பந்தர் தாமே இதனைக் கவனித்து, அமுதாக்குவோரை வினவினார். தமக்குக் கிடைக்கும் காசு வாசியுடையதாதலின் வணிகர் வட்டங்கேட்கின்றனர், அதனை மாற்றிப் பண்டங்கொள்ளக் காலஞ்செல்கின்றது என்று அவர்கள் அறிவித்தனர். மறுநாள் அவர் இறைவனைப் பாடி வாசியில்லாக் காசு பெற்றார். இவ்வரலாற்றிலே பசியோடிருந்த அடியார் ஒருவரும் முறையிட்டதாகக் காணோம். விருந்தினர் வாய் திறக்குமுன் குறையைக் கண்டுபிடித்தவர் பை உடையவரே. வினவினார், காரணத்தை அறிந்தார், மறுநாளே நீக்கினார். இதுவே நாம் கூற எடுத்துக்கொண்ட நீதியின் சுருக்கம். கூடிச் செல்லும் ஒருவரைக் கேட்க வைத்தல் கூடாது. கணக்கையும் கேட்க வைத்தல் கூடாது. இரக்கத்தையும் கேட்க வைத்தல் கூடாது.

இரக்கம் என்றது யாதெனின், சமபங்கு என்னும் கொள்கை மறைத்துவிடும் ஒரு துன்பத்தை. மேற்கூறிய ஐவருள் இளைய ஆசிரியர் ஒருவர் புதிதாக வீடு கட்டிக் கடன்பட்டிருக்கின்றார். தாயார் நோயிலே கிடக்கின்றார். வழியிலே இருட்டுகின்றது. மடத்திலே பாய் விரித்துப் படுக்கலாம்; குளிரூட்டிய அறையிலும் படுக்கலாம். சம்பளம் மிக்கவர் மூவர் அறையே நன்று என்கின்றனர். இளையவர் தலையசைக்கின்றார். அத்தலையசைப்பைச் சம்மதம் என்று எண்ணுதல் எளிது. சமபங்கு என்பதனாலே அவரும் அதே தொகை கொடுக்கின்றார். கொடுத்தது அடுத்த திங்களின் அரிசிப் பணம். மறுவருஷம் யாத்திரை பேசப்படும்பொழுது அவர், “எனக்கு இம்முறை உடம்புக்கு இயலாது” என்று நின்றுவிடுகின்றார். மற்றவர் அதனை நம்பிப் போகின்றனர். பணத்தினாலே ஓர் அடியவர் தரிசனத்தை இழந்தார் என்பதை அக்கூட்டத்திலே ஒருவரும் அறிந்திலர். கணக்கோ ஒரு சதமும் பிழையாதிருந்தது.

இதற்குப் பரிகாரம் செல்வர் எல்லாம் கொடுத்துவிடுதலோ எனின், அன்று. பலர் நடுவே, “உம்முடையதை நான் கட்டிவிடுகின்றேன்” என்று சொல்லுதல் சிலரை அறையினும் மிகுதியாக வருத்தும். யாத்திரைச் செலவின் அளவைக் கூட்டத்திலே மிக எளியவருடைய ஆற்றலுக்கு ஏற்ப, வீட்டை விட்டிறங்குமுன் வகுத்தலே நேரிய வழி. அவ்வாற்றலை அவரைக் கேட்டறியவேண்டுமென்பதில்லை. வயதிலும் சம்பளத்திலும் மூத்தவர் முந்திக்கொண்டு, “எனக்கு மடம் போதும், மரக்கறிச் சோறு போதும்” என்று சொல்லிவிட்டால் இளையவருடைய மானம் காக்கப்படும். எளியவர் முதலிலே அதனைச் சொன்னால் அது வறுமை எனப்படும். செல்வர் முதலிலே சொன்னால் எளிமை எனப்படும். சொல் ஒன்றே, சொல்பவர் வேறானதனால் ஒருவருடைய முகம் வாடாமல் நிற்கின்றது. இது பொய்யன்றோ என்று வினவுவார்க்கு, அம்மூத்தவர் தம் நண்பர்பொருட்டு மடத்தை மெய்யாகவே விரும்புவாராயின் அது மெய்யேயாம் என்க.

“உழைத்துத் தேடியவன் தன் சுகத்தை ஏன் விடவேண்டும்?” என்று ஒருவர் கேட்கலாம். விடவேண்டுமென்று யாம் விதிக்கவில்லை. பிரிக்கக்கூடிய சுகத்தைத் தம் பையினாலே பெறுக; தேநீரோடு பலகாரம் வேண்டுமானால் வாங்கி எல்லோருக்கும் கொடுத்து உண்க. எல்லோரும் ஏற்கவேண்டிய சுகத்தை விரும்பினால், மிகுதிச் செலவைத் தம் காணிக்கையாகப் புறப்படுமுன்னே பொதுப்பையிலே இட்டு, யாருக்காக என்று சொல்லாதிருக்க. இவ்விரண்டும் விருப்பமில்லையாயின், சம்பந்தரும் அப்பரும் போல மடங்களை வேறாக்கிக்கொள்க. எளியவர் கைப்பொருளிலே தம் சுகத்துக்குப் பங்கு வாங்குதல் மாத்திரம் ஆகாது.

கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போவாரிடத்திலே இவ்வறம் இயல்பாக விளங்குகின்றது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கீழ்க்கரை வழியே நடந்து உகந்தையை அடைவார், அதற்கப்பால் குமணை, யால என்னும் காடுகளிலே சில நாள் செல்லவேண்டும். அங்கே கடையில்லை, காசு கடதாசியாகிவிடும். அரிசியும் பருப்பும் மாவும் தோளிலே சுமந்தவை. ஒருவர் சுமந்ததை மற்றவர் உண்பார். அந்நாளைய சமையலிலே யாருடைய அரிசி என்று பார்ப்பாரில்லை. இஃது முதற்கொள்கைக்குச் சான்றாகாதோ எனின், ஆகாது. உகந்தையிலே காட்டுக்குள் இறங்குமுன், யாரிடம் எவ்வளவு உண்டு, எத்தனை நாளைக்குப் போதும் என்று கூட்டத்தலைவர் எண்ணிப் பார்த்தே இறங்குவார். எண்ணிப் பார்த்தமையாலேயே, காட்டிலே எண்ணாது கொடுக்க முடிகின்றது. கணக்கு முன்னே நின்றால் கொடை பின்னே தாராளமாக வரும்.

இவற்றை நம் பாடசாலைகளுக்கும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். மாணாக்கரைக் கீரிமலைக்கோ திருக்கேதீச்சரத்துக்கோ அனுராதபுரத்துக்கோ கூட்டிச் செல்லும்பொழுது நாம் தலைக்கு இவ்வளவு என்று பணந்திரட்டுகின்றோம். கொண்டுவராத பிள்ளை எழுந்து நிற்கவேண்டியதாகின்றது. அப்பிள்ளை புறப்படும் நாளிலே காய்ச்சல் என்று வாராது. மேலே சொன்ன இளைய ஆசிரியருடைய நோயும் இக்காய்ச்சலும் ஒன்றே. தொகையை வகுப்பிலே மிக எளிய வீட்டுக்கு ஏற்பக் குறைத்தும், எஞ்சியதை ஆசிரியரும் பெற்றோரும் ஊரவரும் மறைவாக இட்டு நிரப்பியும், பெயர் வாசியாமலே திரட்டுதல் இயலாததன்று. மீண்ட மறுநாள், வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மிகுதி இவ்வளவு என்று கரும்பலகையிலே எழுதி, மிகுதியைப் பகிர்ந்து கொடுத்தலும் இயலாததன்று. பத்து ரூபாவே மிஞ்சினும் எழுதுக. பிள்ளைகள் நீதிநூலிலே மனனஞ்செய்வது ஒன்று. தம் ஆசிரியர் கேளாமலே கணக்கு எழுதி நிற்றலைக் கண்ணாலே காண்டல் மற்றொன்று. நாளை கோயில் தருமகர்த்தாக்களும் சனசமூக நிலையத்துப் பொருளாளரும் சங்கக் காரியதரிசிகளும் ஆகப்போகிறவர்கள் இப்பிள்ளைகளே. பொதுப்பணத்தை எவ்வாறு தாங்குவது என்பதை அவர்கள் நம்மிடத்தன்றி வேறெங்கே கற்பார்கள்?

ஆகவே, சைவாசிரியர்களே, கூடிப் புறப்படும்பொழுது இவற்றைக் கைக்கொள்க. செலவின் அளவை எளியவர்க்கு ஏற்ப முன்னே வகுக்க; அதனை மூத்தவர் தம் வாயாலே முன்மொழிக. பொது இவை, தனி இவை என்று பிரித்துக்கொள்க. பையை ஒருவர் தாங்கினால், ஏட்டை மற்றொருவர் எழுதுக. கைத்தொலைபேசியிலே குறித்தாலும் குறை இல்லை. இராத்தங்குமிடத்திலே தேவாரம் ஓதியபின், அன்றைய செலவை எல்லோரும் கேட்க வாசித்துவிட்டு உறங்குக. ஊர் திரும்பிய அன்றே, மிகுதியைப் பிரித்துக் கொடுத்தபின் அவரவர் வீட்டுக்குப் போக. இவ்வாறு செய்தவர்கள் அடுத்த ஆண்டும் கூடிப் போவார்கள். ஒருவரும் குறையாமற் போவார்கள்.